கொழும்பிலிருந்து கடுகண்ணாவை, ஹந்தானை: மலைச் சைக்கிள்காரருக்கு

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம், கேட்க ஆளில்லை. இறக்கத்தில் பிறேக் பிடிக்காவிட்டால் இறங்கவும் வழியில்லை. கொழும்புக்காரர் மலைநாட்டுக்கு ஆயத்தமாகும்போது முழுக் கவனத்தையும் ஏற்றத்துக்கே கொடுத்துவிடுவார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓடும் சைக்கிளுக்கு ஒரே மூச்சில் பத்து விநாடி பிறேக் பிடிக்கும் வேலைகூட வந்திருக்காது. அதே சைக்கிளைத்தான் தேயிலைத் தோட்டத்து றோட்டில் இருபது நிமிடம் விடாமல் இறக்கப் போகிறீர்கள்.

இது கண்டிப் பக்கத்தில் இரண்டு நாள் ஓட்டம். முதல் நாள் கடுகண்ணாவையில் தொடங்கி கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளும் எம்பக்கே தேவாலயமும் பார்த்துப் பேராதனை. இரண்டாம் நாள் ஹந்தானையிலிருந்து கலஹா. கால் இடம் கொடுத்தால் லூல்கந்துர தேயிலைத் தோட்டம் வரை. முதல் நாள் பெரும்பாலும் தார், கொங்கிறீற், வயல்கரை. கல்லும் மண்ணும் இரண்டாம் நாள்தான். ஒரு நாள் மட்டும் கிடைத்தால் முதலாவதை எடுங்கள். ஹந்தானையைப் புதுச் சைக்கிளோடு தொடங்க வேண்டாம்.

பிறேக்: இதை முதலில் பாருங்கள்

ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 400 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி ஏறத்தாழ 390 கிலோஜூல். அறைச்சூட்டில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 300 கிலோஜூல் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மெதுவாக இறங்கினால் அதுவும் குறைவு. மிச்சம் முழுக்க இரண்டு மெல்லிய இரும்புத் தட்டுக்கும் நான்கு சிறிய பிறேக் கட்டைக்கும்தான் போகிறது.

டிஸ்க் பிறேக் என்றால் சில்லைக் கழற்றி, கட்டைகளை வெளியே எடுத்துப் பாருங்கள். தேயும் பகுதி ஒரு மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள். 0.5 மில்லிமீற்றர் என்பது முற்றாக முடிந்த அளவு; அதோடு மலைக்குப் போனால் பாதி இறக்கத்தில் இரும்பும் இரும்பும் உரசும். ரெசின் கட்டை சத்தமில்லாதது, கொழும்புக்கு நல்லது, ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடியை இழக்கும். மெற்றல் கட்டை மழையிலும் சேற்றிலும் தாங்கும், கொஞ்சம் கத்தும். மலைக்கு மெற்றல்தான். ஆனால் சில மலிவு டிஸ்குகளில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருக்கும். அதில் மெற்றலைப் போட்டால் டிஸ்கையே தின்றுவிடும். முன் டிஸ்க் 180 மில்லிமீற்றர், பின் டிஸ்க் 160 என்று இருந்தால் நிம்மதி.

புதுக் கட்டையைப் போட்ட கையோடு மலைக்குப் போகக்கூடாது. வாகனமில்லாத இடத்தில், ஞாயிறு விடியக்காலையில், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு வரும்வரை ஒரே அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். சில்லு இறுகவும் கூடாது, முற்றாக நிற்கவும் கூடாது. முன் பிறேக்குக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. ஏழெட்டுத் தடவையிலேயே பிடி கூடுவது விரலுக்குத் தெரியும்.

ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோலிக் பிறேக்கில் எந்த ஒயில் என்று லீவரின் மூடியிலேயே எழுதியிருக்கும். ஷிமானோ கம்பனிப் பிறேக்குக்கு மினரல் ஒயில், ஸ்ராம் கம்பனியின் பெரும்பாலானவற்றுக்கு டொட் ஒயில். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். டொட் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு வருடம் கிடந்த ஒயிலின் கொதிநிலை இறங்கிப்போயிருக்கும். இறக்கத்தில் அது உள்ளே கொதித்து ஆவியானால் லீவர் காண்டில் வரை தொளதொளவென்று வரும், சைக்கிள் நிற்காது. வருடம் ஒருமுறை ஒயிலை மாற்றிவிட்டால் இந்தப் பயமில்லை.

சில்லின் விளிம்பைப் பிடிக்கும் றிம் பிறேக்கோடும் போகலாம். முதல் நாளுக்கு மட்டும். மழை பெய்தால் அந்த ஆசையையும் விட்டுவிடுங்கள்.

கேபிள் பிறேக்குக்கும் கியருக்கும் இன்னொரு எதிரி கடற்காற்று. கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டு பல்கனியில் ஆறு மாதம் நின்ற சைக்கிளின் கேபிளை உருவிப் பாருங்கள். உறையின் வாய்க்குக் கிட்ட செம்மண் நிறத்தில் துரு ஒட்டியிருக்கும். லீவரை விட்டபிறகும் பிறேக் மெல்லத் திரும்புவது அதனால்தான். உள்கம்பியை மட்டும் மாற்றிப் பயனில்லை, உறையோடு மாற்றுங்கள். டாம் வீதிக் கடைகளில் இரண்டும் மீற்றர் கணக்கில் கிடைக்கும்.

கியர்

முன்னே மூன்று தட்டும் பின்னே ஏழு பற்சக்கரமுமாக வரும் சாதாரண மலைச் சைக்கிளில் முன்னே சின்னத் தட்டு 24 பல், பின்னே பெரியது 28 பல் இருக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 1.9 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 7 கிலோமீற்றர். தோட்டத்துக் கொங்கிறீற் ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடித்துவைக்கத் தொடை எரியும். பின் பற்சக்கரத் தொகுதியை 14-34 (சின்னது 14 பல், பெரியது 34 பல்) ஆக மாற்றினால் ஒரு சுற்றுக்கு 1.55 மீற்றர், மணிக்கு ஐந்தரை கிலோமீற்றர். அதே ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே போகலாம். செலவு குறைந்து பயன் கூடிய மாற்றம் இதுதான். வாங்குமுன் உங்கள் பின் டிரெயிலர் (கியர் மாற்றும்போது செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றதுக்குத் தள்ளும் கை) 34 பல்லைத் தாங்குமா என்று கேளுங்கள். கழுத்துக் குட்டையானது பல்லில் முட்டும். செயினும் நீளவேண்டி வரும். பழைய செயினைப் பெரிய தட்டிலும் பெரிய பல்லிலும் ஒன்றாகப் போட்டால் டிரெயிலரையே பிய்த்துக்கொண்டு போகும்.

செயின் தேய்வைப் பார்க்க அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணி அளந்தால் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். 306.4 ஐத் தாண்டினால் செயினை மாற்றும் நேரம். 308 ஐத் தொட்டுவிட்டால் பின் பல்லையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். புதுச் செயின் பழைய பல்லில் ஏற்றத்தின் நடுவே வழுக்கும், முழங்கால் காண்டிலில் போய் அடிக்கும்.

கொழும்பில் ஏற்றம் தேடித் திரிய வேண்டாம். தெஹிவளை மேம்பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மரைன் டிரைவில் எதிர்காற்று வீசும் நேரத்தில், கனத்த கியரில், உட்கார்ந்தபடி, நிமிடத்துக்கு 55-60 சுற்றாக எட்டு நிமிடம்; பிறகு நான்கு நிமிடம் இலகுவாக. இப்படி நாலு தடவை, கிழமைக்கு இரண்டு நாள், ஆறு கிழமை. அதோடு ஒரு நாள் மாடிப்படி. ஏறுவதை விட இறங்குவதை நிதானமாகச் செய்யுங்கள், இறக்கத்தில் பெடலில் நிற்கும் கால் அதில்தான் பழகும்.

ரயர்

2.25 அங்குல ரயர், 70 கிலோ ஆள், உள்ளே ரியூப் என்றால் மண்பாதைக்கு முன்னே 28, பின்னே 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். ரியூப் இல்லாத வகைக்கு 23-ம் 26-ம். இதைவிடக் குறைத்தால் கல்லின் விளிம்பில் றிம் ரியூபை நசுக்கும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். கூட்டினால் ஈரக் கொங்கிறீற்றில் ரயர் பிடிக்காது. முதல் நாள் தார் அதிகம், 38 வரை அடித்துவிட்டுப் போய், மறுநாள் காலையில் இறக்குங்கள்.

வால்வைப் பாருங்கள். மலைநாட்டில் பஞ்சர் ஒட்டும் கடைகளில் பழைய சைக்கிள் வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும் பம்ப் இருக்கும். உங்களுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் விரல்நுனி அளவு பித்தளை அடப்டர் ஒன்றை வால்விலேயே திருகிவைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் போட்டால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

எப்போது, எப்படிப் போவது

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஏப்ரலில் காலை வெளித்திருந்தாலும் இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னலோடு கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரைத் தொடாதீர்கள். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிவில் உயிர்கள் போயின. அந்த மாதக் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதையும் றோட்டுகளும் பல இடங்களில் உடைந்தன. ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் இரண்டு விசாரணை: ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது, கண்டி, கேகாலை மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா. மஞ்சள் என்றாலே மண்பாதையை விட்டுவிட்டுத் தார் றோட்டோடு நில்லுங்கள். செம்மஞ்சள், சிவப்பு என்றால் வீட்டில் இருங்கள்.

சைக்கிளை எல்லா ரயிலும் ஏற்றாது. கோட்டை நிலையத்தின் பார்சல் பகுதியில் முதல் நாளே கேட்டு, கார்ட் பெட்டியில் இடமுள்ள மெதுவான ரயிலைப் பிடியுங்கள். பெடலைக் கழற்றி, காண்டிலைப் பக்கவாட்டில் திருப்பி, டிரெயிலர் இருக்கும் வலப்பக்கம் மேலே வரும்படி சாயுங்கள். டிஸ்க் பிறேக் உள்ள சில்லைக் கழற்றினால், கட்டைகளுக்கு நடுவே மடித்த கடதாசி மட்டையைச் செருகிவையுங்கள். இல்லாவிட்டால் யாராவது லீவரை ஒருமுறை அழுத்தியதும் கட்டை ஒட்டிக்கொண்டுவிடும். நாலைந்து பேர் சேர்ந்தால் வான் பிடிப்பதுதான் லேசு.

கொழும்பு-கண்டி ஏ1 றோட்டால் கடுகண்ணாவைக் கணவாயைச் சைக்கிளில் ஏறலாமா என்று கேட்பார்கள். ஏறலாம். பஸ்ஸும் லொறியும் வளைவில் முந்தும் றோட்டு அது, ஓரம் ஒடுக்கம், புகை நெஞ்சை அடைக்கும். பெருமைக்காக ஏறவேண்டாம்.

முதல் நாள்

கடுகண்ணாவை கொழும்பிலிருந்து 100 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கு மேல். காலை ஏழுக்குள் சில்லு உருளட்டும். றோட்டோரம் வெள்ளையாக நிற்பது டோசன் கோபுரம். கண்டி றோட்டைப் போட்ட பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்தபிறகு, 1832 இல் அவர் நினைவாகக் கட்டியது. கணவாயில் துளைத்த பாறையும் அந்த றோட்டினதுதான். இப்போது வாகனங்கள் அதற்குப் பக்கத்தால் போகின்றன.

பிலிமத்தலாவை வரை ஐந்தாறு கிலோமீற்றர் ஏ1 இல்தான் போகவேண்டும். ஒருவர்பின் ஒருவராக, பின்விளக்கு பகலிலும் மினுங்கட்டும். அங்கே வலப்பக்கம் தவுலகல றோட்டில் திரும்பியதும் சத்தம் அடங்கிவிடும்.

கடலாதெனிய 1344 இல் எழுந்தது. கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்று கல்வெட்டே சொல்கிறது. கருங்கல் தூணையும் போதிகையையும் பார்த்தால் நம்மவர்க்கு விளக்கம் தேவைப்படாது. கோயில் மண்டபத்துக்குள் வந்ததுபோல் இருக்கும். அடுத்து மூன்று கிலோமீற்றர் அளவில் லங்காதிலக, அதே காலத்தது. பெரும் பாறையின் மேல் நிற்கிறது. பாறையில் வெட்டிய படிகளில் சைக்கிளைத் தூக்க நினைக்காதீர்கள், கீழே பூட்டி ஒருவரைக் காவல் வையுங்கள். பாறைக் கல்வெட்டில் சிங்களத்தோடு தமிழும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். எம்பக்கே இன்னும் மூன்று கிலோமீற்றர். அது கதிர்காமத்து முருகனுக்கான தேவாலயம், 14ஆம் நூற்றாண்டு. மேளக்காரர் மண்டபத்து மரத்தூண்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள். நீங்கள் தலையை நிமிர்த்திக் கூரையின் கோடியைப் பாருங்கள். 26 கைமரங்களின் நுனியை ஒரே மர ஆப்பு சேர்த்துப் பிடித்திருக்கிறது.

இந்த மூன்றுக்கும் இடையில் தூரம் சொற்பம், ஏற்ற இறக்கம் தாராளம். குறுக்கே நூறு மீற்றர் இறங்கி வயலைக் கடந்து உடனே ஏறவேண்டிய இடங்கள் வரும். வயலுக்கு இறங்கும்போதே கியரைச் சின்னதாக்கிவிடுங்கள். ஏற்றம் தொடங்கி, செயின் இறுகியபிறகு கியரை மாற்றினால் 'கடக்' என்று செயின் அறுவது அங்கேதான். நிழல்விழும் கொங்கிறீற் துண்டுகளில் பச்சையாகப் பாசி இருக்கும், நடுவில் மட்டும். சில்லுப்படும் இரண்டு ஓரமும் தேய்ந்து வெளுத்திருக்கும். அதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துப் போங்கள். பாசியின் மேல் பிறேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம்.

சைக்கிள் காற்சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். ஒரு சாரம் பையில் இருக்கட்டும், தோளும் முழங்காலும் மறையவேண்டும், தொப்பியும் சப்பாத்தும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். போயா நாளில் கூட்டம் நெரியும்; எசல பெரஹரா காலத்தில் கண்டிக்குள் சைக்கிளைத் தள்ளவும் இடமிருக்காது. எம்பக்கேயிலிருந்து பேராதனைப் பக்கம் இறங்கும் சிறு றோட்டைப் பிடித்தால் ஏ1 ஐத் தவிர்க்கலாம். ஒரு மணிக்குள் பேராதனையில் சோறு சாப்பிட்டுவிடவேண்டும்.

இரண்டாம் நாள்

கண்டியிலிருந்து 4 கிலோமீற்றரில் ஹந்தானையின் பழைய தேயிலைத் தொழிற்சாலை, இப்போது தேயிலை நூதனசாலை. பீக்கோ நடைபாதை இங்கேதான் தொடங்குகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். தேயிலையும் கோப்பியும் இறங்கிய பழைய தோட்டப் பாதைகள். முதற்கட்டம் ஹந்தானை - கலஹா, இரண்டாவது கலஹா - லூல்கந்துர. இரண்டையும் ஒரே நாளில் ஓடுவது நன்றாகப் பழகியவருக்கு. வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள், மலைமடிப்புகளில் சிக்னல் போய்ப்போய் வரும்.

ஏற்றத்தில் சீற்றின் மூக்குக்கு முன்னேறி உட்கார்ந்து, முழங்கையை மடித்து நெஞ்சைத் தாழ்த்துங்கள். முன்சில்லு மேலே எழும்பினால் நெஞ்சு இன்னும் தாழவேண்டும். பின்சில்லு சுற்றி வழுக்கினால் பின்னால் கொஞ்சம் நகருங்கள்.

இறக்கம் தொடங்குமுன் நின்று சீற்றை நாலு சென்ரிமீற்றர் இறக்குங்கள். பெடல் இரண்டும் நிலத்துக்குச் சமாந்தரம், குதிக்கால் தாழ்வு, இடுப்பு பின்னுக்கு, ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் லீவரில். பிறேக்கை மெல்லப் பிடித்தபடியே முழு இறக்கமும் வருவதுதான் சூட்டுக்குக் காரணம். இரண்டு விநாடி அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், காற்று வாங்கட்டும், திரும்பப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவுக்குள் சரளைக் கல்லின் மேல் முன் பிறேக்கைத் தொட்டால் முன்சில்லு ஓடிவிடும். எரிந்த வாடை வந்தாலோ, லீவர் வழமையைவிட ஆழமாக வந்தாலோ, அந்த இடத்திலேயே நில்லுங்கள். பத்து நிமிடம். டிஸ்கைத் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்; திடீரெனக் குளிர்ந்தால் வளைந்துவிடும்.

இது தோட்டத்துச் சனம் வேலை செய்யும் இடம். கொழுந்து மூட்டையோடு வருபவருக்குப் பாதை கொடுத்து நீங்கள் ஒதுங்குங்கள். லயத்துப் பக்கம் மெதுவாக வாருங்கள், சின்னப்பிள்ளைகள் குறுக்கே ஓடும். தேயிலை வரிசைக்குள் சைக்கிளை விடக்கூடாது. காவலாளி மறித்தால் வாதாடாமல் கேளுங்கள். தமிழில் வழி கேட்கக்கூடிய மலை இது. 'அண்ணே, கலஹாவுக்கு எந்தப் பக்கம்?' என்றால், மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறவரே வேலையை விட்டுவிட்டுக் கைகாட்டுவார். 'கிட்டத்தான், ஒரு கட்டை' (ஒரு மைல்) என்று சொன்னால் மட்டும் இரண்டு மைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியை இறக்கவென்று போட்ட ரயில் பாதை கண்டியை எட்டியதும் அதே வருடம். அவர் இருந்து பார்த்த கல் ஆசனம் இன்னும் இருக்கிறது.

ஈரமான நிழலில் அட்டை இருக்கும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் தடவுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல், மெல்லிய வாய்ப்பக்கத்தில் நகத்தைக் கொடுத்து வழித்துவிடுங்கள்.

பையில்

4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவி, செயின் வெட்டி, உங்கள் செயின் அகலத்துக்குப் பொருந்தும் விரைவுக் கண்ணி இரண்டு, ரியூப் இரண்டு, ஒட்டுச் சாமான், ரயர் லீவர், பம்ப், பழைய ரயரில் வெட்டிய ஒரு துண்டு (ரயர் கிழிந்தால் உள்ளே வைக்க), கேபிள் கட்டும் பட்டி நாலு. எல்லாவற்றையும்விட முக்கியம் டிரெயிலர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியக் காது. ஒரு சைக்கிளினது மற்றதற்குப் பொருந்தாது, மலையில் எங்கும் கிடைக்காது. அது வளைந்தால் டிரெயிலர் கம்பிக்குள் போய்ச் சில்லையே நாசமாக்கும். கொழும்பிலேயே ஒன்று வாங்கிச் சீற்றுக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.

தண்ணீர் மணிக்கு 600 மில்லிலீற்றர் கணக்கில், இரண்டு லீற்றர் தொடக்கத்திலேயே. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூள்) பக்கற் இரண்டு. சில்லறைக் காசு. அம்புலன்சுக்கு 1990, அழைக்கும்போது தோட்டத்தின் பெயரும் டிவிசனும் சொன்னால்தான் வண்டி சரியான பாதையால் வரும், ஆகவே நுழையும் பலகையில் பெயரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்ததும்

அன்றிரவே கழுவவேண்டும். மலைமண் காய்ந்தால் கல்லாகும், கடற்காற்று அதன் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வாளித் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் போதும். பெடல் அச்சிலும் சில்லு அச்சிலும் அழுத்தக் குழாயைப் பிடித்தால் கிறீஸ் கரைந்து போகும். செயினைத் துணியால் துடைத்து உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி ஒயில், ஐந்து நிமிடம் கழித்து வெளியில் இருப்பதைத் துடைத்துவிடுங்கள். ஒயில் போடும்போது டிஸ்கைத் துணியால் மூடிவையுங்கள். ஒரு துளி அதில் தெறித்தாலும் கட்டை இரண்டும் குப்பைக்குத்தான்.